திருமலை நாயக்கர் மகால்: அரசிருக்கை முதல் நினைவுச்சின்னம் வரை

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குத் தென்கிழக்கே, நெருக்கமான தெருக்களின் நடுவே நிற்கும் திருமலை நாயக்கர் மகால், 17ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றின் எஞ்சிய பகுதி. முதலில் எழுந்த வளாகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இன்று மிஞ்சியுள்ளது என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒரு பங்கும் தொடர்ந்து அரண்மனையாக இருந்ததில்லை. நாயக்க அரசின் தலைமை அரண்மனையாக அது விளங்கியது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே. அதன்பின் கட்டுமானப் பொருள் எடுக்கும் இடமாயிற்று, இடிபாடாகக் கிடந்தது, ஓவியருக்கும் ஒளிப்படக் கலைஞருக்கும் காட்சிப்பொருளானது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீதிமன்றமாக இயங்கியது, 1971 முதல் தமிழ்நாடு அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருக்கிறது. அரண்மனையாக இருந்த காலத்தைவிட நினைவுச்சின்னமாக இருக்கும் காலமே இப்போது நீண்டுவிட்டது. ஒவ்வொரு பயன்பாடும் கட்டடத்தின் ஒரு பகுதியைக் காத்தது, வேறொரு பகுதியை மாற்றியது, நகரத்தார் மனத்தில் அதற்கு ஒரு புதுப் பொருளையும் தந்தது.

அரசிருக்கை

மதுரை நாயக்கர்கள் விசயநகரப் பேரரசின் ஆளுநர்களாகத் தொடங்கித் தனியரசர்களாக வளர்ந்தவர்கள். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆட்சி செய்தார். அவர் காலத்தில் தலைநகரம் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாறியது. 1636ஆம் ஆண்டையொட்டி எழுந்த அரண்மனை அந்த மாற்றத்தின் அரசியல் அறிவிப்பாகவும் அமைந்தது. அதே ஆட்சியில் கோயிலின் கிழக்கே புதுமண்டபம் கட்டப்பட்டது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வெட்டப்பட்டது. இராயகோபுரம் தொடங்கப்பட்டு முடிவுறாமல் நின்றது. அரண்மனையைத் தனியே பார்த்தால் ஓர் அரசனின் வீடு. இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு கோயில் நகரத்தைத் தலைநகரமாக மாற்றி அமைத்த பெருந்திட்டத்தின் ஒரு பகுதி.

வளாகம் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டிருந்தது. சொர்க்கவிலாசம் அரசரின் இருப்பிடமும் கொலுமண்டபமும் அடங்கிய பகுதி. ரங்கவிலாசம் அவருடைய தம்பிக்குரியது என்பது வழக்கு. இவற்றைச் சுற்றி நாடகசாலை, வழிபாட்டிடம், அந்தப்புரம், ஆயுதசாலை, பல்லக்கு நிறுத்துமிடம், வாத்தியக்காரர்களுக்கான இடம், குளம், தோட்டம் ஆகியவை இருந்தன. இன்று முழுமையாகக் காணக்கூடியவை சொர்க்கவிலாசமும் அதன் வடமேற்கிலுள்ள நாடகசாலையும்தான்.

சொர்க்கவிலாசத்தின் நடுவே ஏறத்தாழ 250 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்ட திறந்த முற்றம் உள்ளது. நாற்புறமும் நாற்பது அடி உயரத்தை எட்டும் பருத்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றைப் பல்லிதழ் வளைவுகள் இணைக்கின்றன. மேற்குப் புறத்தில் அரியணை இருந்த மண்டபத்தின் மேல் ஏறத்தாழ 60 அடி விட்டமுள்ள குவிமாடம் எழும்புகிறது. அகன்ற இடத்தை மரச்சட்டங்களின் துணையில்லாமல் செங்கல் வளைவுகளாலும் குவிமாடங்களாலும் மூடியிருப்பதே இக்கட்டடத்தின் தொழில்நுட்பச் சிறப்பு. வளைவுகளிலும் விதானங்களிலும் யாளி, பறவை, பூங்கொடி முதலிய சுதை வேலைப்பாடுகள் நிறைந்துள்ளன. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவைக் கலந்து தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள் என்பது மரபுச் செய்தி.

வளைவும் குவிமாடமும் யாளிச் சுதையும் ஒருங்கே அமைந்த இக்கலவை நடையைப் பார்த்து, இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் இதை வடிவமைத்தார் என்ற கருத்து பரவியது. அக்காலத்தில் மதுரையில் இயேசு சபைத் துறவிகள் இருந்தது இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் வடிவத்தை விளக்க அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. விசயநகர அரசர்கள் கோயிலுக்குக் கல்லையும் தூண்-உத்தரம் முறையையும் கையாண்டார்கள். அரசுக் கட்டடங்களுக்குச் செங்கல், சுண்ணாம்பு, வளைவு, குவிமாடம் ஆகியவற்றைத் தக்காணச் சுல்தான்களின் மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹம்பியின் தாமரை மகால் அதற்குக் கண்கூடான சான்று. மதுரை மகால் அந்த அரசவை மரபைத் தென்கோடிக்குக் கொண்டுவந்து பேருருவில் விரித்தது.

அரண்மனையின் அன்றாட வாழ்வு கோயிலோடு பிணைந்திருந்தது. மீனாட்சியே மதுரையின் அரசி என்பது இந்நகரத்தின் அடிப்படை நம்பிக்கை. சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடந்து செங்கோல் வழங்கப்படுகிறது. நாயக்கர் காலத்தில் அச்செங்கோலை அரசர் பெற்று, ஊர்வலமாக அரண்மனைக்குக் கொண்டுவந்து, அரியணையில் வைத்து, பின்னர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினார் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அரசன் தன் அதிகாரத்தை அம்மனிடமிருந்து பெற்றவனாக மக்கள்முன் நின்றான். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் திருமலை நாயக்கரே என்பது மரபு. தேர் சித்திரையில் ஓடினாலும் அது ஓடும் வீதிகள் இன்றும் மாசி வீதிகள் என்றே அழைக்கப்படுகின்றன.

கல்லும் மரமும் பெயர்ந்த காலம்

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் 1659இல் ஆட்சிக்கு வந்தார். 1660களில் அவர் தலைநகரத்தை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே தமக்கு அரண்மனை எழுப்புவதற்காக மதுரை அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து, வேலைப்பாடு மிக்க மரங்களையும் கற்களையும் எடுத்துச் சென்றார். திருச்சியில் இராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் இன்று அரசு அருங்காட்சியகமாக இயங்கும் கொலுமண்டபம் அந்த அரண்மனையின் எச்சம். மதுரை மகாலின் பேரிழப்பு அன்னியப் படையெடுப்பால் நேர்ந்ததன்று. கட்டியவரின் குடும்பத்தாலேயே நேர்ந்தது. தலைநகரம் அரசனோடு நகர்ந்த காலத்தில் அரண்மனை என்பது நிலையான நினைவுச்சின்னம் அல்ல. பிரித்துக் கொண்டுபோகத்தக்க செல்வம்.

பெயர்க்க முடிந்தவை போயின, பெயர்க்க முடியாதவை நின்றன. சொர்க்கவிலாசத்தின் வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு ஒரே உடலாக இறுகியவை. அவற்றை இடித்தால் மிஞ்சுவது உடைசல்தான். மறுமுறை பயன்படுத்தத்தக்க பொருள் அதிகம் கிடைக்காது. மரமும் தனிக்கல்லும் மிகுந்த பகுதிகள் மறைந்ததற்கும் சொர்க்கவிலாசம் பிழைத்ததற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் மதுரைக் கோட்டையும் அதனுள் இருந்த அரண்மனையும் பல படைகளின் கையில் மாறிமாறி இருந்தன. மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப்கான் இந்தக் கோட்டையிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று 1764இல் தூக்கிலிடப்பட்டார். நூற்றாண்டின் முடிவில் கம்பெனி ஆட்சி உறுதிப்பட்டபோது அரண்மனை கூரை சரிந்தும் செடி முளைத்தும் கிடந்தது.

அந்த இடிபாட்டு நிலையே அதற்கு ஒரு புதுப் பார்வையாளர் கூட்டத்தைத் தந்தது. 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் அரண்மனையை வரைந்தார்கள். அந்த ஓவியங்கள் அச்சோவியங்களாக இலண்டனில் வெளியாகி, தென்னிந்தியக் கட்டடக்கலையை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தவற்றுள் இடம்பெற்றன. 1858இல் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக் கலைஞரான லின்னியஸ் டிரைப் அதே மண்டபங்களைப் படமெடுத்தார். பழுதுபார்ப்புக்கு முந்தைய நிலையை அறிவதற்கு இவ்விரு பதிவுகளுமே இன்று ஆய்வாளர்களுக்கு முதன்மையான ஆதாரங்கள். ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் ஒப்பிட்டால், இடையிட்ட அறுபத்தாறு ஆண்டுகளில் எவை விழுந்தன, எவை நின்றன என்பதைக் கணிக்க முடிகிறது.

அரண்மனையைத் தின்ற நகரம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரையின் அமைப்பே மாறியது. மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் 1840களில் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்தார். கோட்டை இருந்த இடத்தில் வெளிவீதிகள் உருவாயின. அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தாங்கி நிற்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக மகாலுக்கு அருகே நிறுவப்பட்ட விளக்குத்தூண், அந்தப் பகுதிக்கே பெயராகிவிட்டது.

அரண்மனை வளாகத்தின் வெற்றிடங்களிலும் மனைகளும் கடைகளும் எழுந்தன. பழைய வளாகத்தின் எல்லையை இன்று காட்டுபவை மதில்கள் அல்ல, தெருப்பெயர்கள். மகால் தெருக்களும், முரசு முதலான வாத்தியங்கள் முழங்கிய இடத்தைக் குறிக்கும் நவபத்கானா தெருவும் அரண்மனையின் தரைப்படத்தை மக்கள் பேச்சில் காத்துவருகின்றன. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளின் இடுக்கில் நிற்கும் பத்துத்தூண், அழிந்துபோன பகுதியின் மிச்சம். கூரையும் வளைவும் இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் கல்தூண்களைச் சுற்றி நாள் முழுவதும் துணி வணிகம் நடக்கிறது.

மகாலைச் சுற்றிய தெருக்களின் வாழ்வில் சௌராட்டிரச் சமூகத்தாருக்குத் தனி இடமுண்டு. பட்டு நெசவிலும் சாயத் தொழிலிலும் தேர்ந்த இவர்கள் நாயக்கர் ஆதரவில் மதுரையில் குடியேறி அரண்மனையை ஒட்டி வாழ்ந்தனர். புள்ளிக்குப் புள்ளி முடிச்சிட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலை இவர்களின் கைவண்ணம். அரசவைக்குத் துணி தேவைப்பட்ட காலம் முடிந்த பின்னும் தொழில் அங்கேயே வேர்கொண்டது. மகால் பகுதி மதுரையின் துணிச்சந்தையாக இருப்பதற்கு அரண்மனை விட்டுச்சென்ற இந்தச் சமூக அமைப்பும் ஒரு காரணம்.

மக்களின் கதைகளிலும் அரண்மனை வாழ்ந்தது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே தெப்பக்குளம் ஆயிற்று என்றும், அங்கே மண் தோண்டியபோதுதான் கோயிலிலுள்ள முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் மதுரையில் வழங்குகிறது. மற்றொரு கதை, கூரையில் துளையிட்டு இறங்கி அரசரின் நகைகளைக் கவர்ந்த திருடனைப் பற்றியது. பொருளைத் திருப்பித் தந்தால் பரிசாக நிலம் தருவதாக அரசர் அறிவித்தாராம். வந்து நின்றவனுக்குச் சொன்ன வாக்கைக் காத்துவிட்டு, திருட்டுக்காகத் தலையையும் வாங்கினாராம். பின்னாளில் நீதிமன்றமாகவிருந்த கட்டடத்தைப் பற்றி வழங்கிய கதை நீதியைப் பற்றியதாக இருப்பது கவனத்துக்குரியது.

நீதிமன்றமான அரண்மனை

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் மகாலின் விதி மாறியது. பழுதுபார்க்கும் பணியைக் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம் ஏற்றார். விரிசல் கண்ட வளைவுகள் சீராக்கப்பட்டன. உதிர்ந்த சுதை புதுப்பிக்கப்பட்டது. இடிபாடாகவே வைத்து அழகு பார்க்க வேண்டும் என்பது நோக்கமன்று. மாவட்ட நீதிமன்றங்களையும் அலுவலகங்களையும் அங்கே அமர்த்துவதே திட்டம். அரசுச் செலவுக்கு நடைமுறைக் காரணம் கிடைத்ததால்தான் பணி நடந்தது.

இந்தப் பழுதுபார்ப்பின் விளைவு மதுரையோடு நிற்கவில்லை. இந்தியாவின் அரசுக் கட்டடங்கள் நாட்டு மரபுகளைத் தழுவி அமைய வேண்டும் என்று நேப்பியர் 1870இல் சென்னையில் ஆற்றிய உரையில் வாதிட்டார். சிஷோம் அந்தக் கருத்தைக் கட்டடமாக்கினார். சேப்பாக்கம் அரண்மனைப் பகுதியில் அவர் செய்த விரிவாக்கமும், 1879இல் முடிவடைந்த சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபமும் இந்தோ-சாரசெனிக் நடையின் தொடக்ககால முன்மாதிரிகள். இந்து, இஸ்லாமிய வடிவங்கள் ஒரே கட்டடத்தில் இயல்பாகக் கலந்து நிற்க முடியும் என்பதற்கு மதுரை மகால் அவர் கையாண்டு பழகிய நேரடிச் சான்றாக இருந்தது.

அதன்பின் 1970 வரை மகால் நீதிமன்றமாக இயங்கியது. நகரத்தின் பண்பாட்டில் இது பெரும் மாற்றம். அரண்மனைக் காலத்தில் கொலுமண்டபத்துக்குள் நுழையத் தகுதி உடையவர்கள் மிகச் சிலர். நீதிமன்றக் காலத்தில் நிலத் தகராறோடும் கடன் வழக்கோடும் வந்த உழவரும் வணிகரும் அந்தத் தூண்களின் நிழலில் காத்திருந்தார்கள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், பத்திரம் எழுதுவோர் என ஒரு புதிய நடுத்தர வர்க்கத்தின் தொழிலிடமாக அது மாறியது. மதுரை மாவட்டத்தார் பல தலைமுறைகளுக்கு மகால் என்றால் கோர்ட் என்றே அறிந்திருந்தார்கள். அரசனின் தீர்ப்புக்கு உரிய இடத்தில் எழுதப்பட்ட சட்டத்தின் தீர்ப்பு ஒலித்தது.

பயன்பாடு கட்டடத்தைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஒழுகும் கூரையை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளாது. ஆண்டுதோறும் பராமரிப்பு நடந்தே தீரும். அதே பயன்பாடு கட்டடத்தின் இயல்பையும் மறைத்தது. திறந்த மண்டபங்களை அறைகளாகத் தடுக்க வேண்டியிருந்தது; கோப்புகளும் மேசைகளும் இடத்தை நிறைத்தன. பரந்த வெளியைக் காட்டுவதற்கென்றே எழுந்த கட்டடத்தில் அந்த வெளி கண்ணுக்குத் தெரியாமல் போனது.

நினைவுச்சின்னமும் மேடையும்

நீதிமன்றங்கள் புதிய கட்டடத்துக்குப் போன பின், 1971இல் மகால் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. தடுப்புகள் நீங்கி முற்றமும் மண்டபங்களும் ஒரே காட்சியாகத் திறந்தன. நாடகசாலையில் சிற்பங்கள், கல்வெட்டுகள் முதலிய தொல்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஆடலும் பாடலும் நிகழ்ந்த கூடம் மாவட்டத்தின் பழமையைச் சேர்த்துவைக்கும் அருங்காட்சியகம் ஆனது.

மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981ஆம் ஆண்டு மகாலில் ஒலி-ஒளிக் காட்சியும் தொடங்கியது. மாலைநேரத்தில் முற்றத்தில் அமர்ந்திருப்போர் முன் வண்ண விளக்குகளாலும் பதிவு செய்த குரல்களாலும் சிலப்பதிகாரக் கதையும் திருமலை நாயக்கரின் வரலாறும் சொல்லப்பட்டன. இந்த இணைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கண்ணகியின் மதுரை பாண்டியரின் மதுரை. மகாலோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நாயக்கரின் ஆக்கம். பாண்டியர் அரண்மனை எதுவும் மதுரையில் நிற்கவில்லை. எனவே நகரத்தின் முழு அரச வரலாற்றையும் சுமக்கும் பொறுப்பு எஞ்சிய இந்த அரண்மனைமேல் விழுந்தது. நீதி தவறிய பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்த காதையை, நூறாண்டு நீதிமன்றமாக இருந்த ஒரு முற்றத்தில் மதுரை மக்கள் கேட்டார்கள்.

திரைப்படம் மகாலின் உருவத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்தில் இடம்பெற்ற ‘கண்ணாளனே’ பாடல் இங்கே படமாக்கப்பட்டது. 1995இல் வெளியான அந்தப் படத்தின் வழியே மதுரைக்கு வந்தேயிராத கோடிக்கணக்கானோர் இந்தத் தூண்களைக் கண்டார்கள். கதைப்படி அது ஓர் இஸ்லாமியத் திருமண வீடு. அந்தச் சூழலுக்கு இந்து அரசர் ஒருவரின் அரண்மனை உறுத்தலின்றிப் பொருந்தியதற்குக் காரணம், கட்டிய நாளிலேயே அது இரு மரபுகளின் வடிவமொழியையும் ஏற்றிருந்தது என்பதே.

காப்பின் சிக்கல்கள்

நினைவுச்சின்னம் என்ற இன்றைய நிலை தனக்கே உரிய கேள்விகளை எழுப்புகிறது. முதலாவது, பொருள் சார்ந்தது. சுண்ணாம்புக் கட்டுமானம் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டு மூச்சுவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்டும் செயற்கை வண்ணமும் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுதையைப் பெயர்த்துவிடும். எனவே பழைய முறையில் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தர்களின் கைத்திறனும் கட்டடத்தோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டிய மரபு.

இரண்டாவது, பார்வையாளர் சார்ந்தது. தூண்களின் கைக்கெட்டும் உயரத்தில் பெயர்களைக் கீறுவதும் கிறுக்குவதும் நீண்டகாலத் தொல்லை. கண்காணிப்பால் மட்டும் இது தீராது. கட்டடத்தின் கதையை வருவோருக்கு விளங்கச் சொல்லும் பலகைகளும் வழிகாட்டிகளும், பள்ளிகளோடு தொடர்பும் இருந்தால்தான் அது தம்முடையது என்ற எண்ணம் வேர்பிடிக்கும். நீதிமன்றக் காலத்தைப் பற்றியும் சிஷோமின் பழுதுபார்ப்பைப் பற்றியும் அங்கே விரிவாகச் சொல்லப்படுவது பயன்தரும். அவற்றை விட்டுவிட்டால், காண்போர் தம் கண்முன் உள்ளது மாசுபடாத 17ஆம் நூற்றாண்டு என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, சுற்றுப்புறம் சார்ந்தது. பாதுகாப்பு வேலிக்குள் இருப்பது சொர்க்கவிலாசமும் நாடகசாலையும். பத்துத்தூணும் மகால் தெருக்களும் வணிக நெருக்கடியின் நடுவே உள்ளன. கட்டடத்தை மட்டும் காத்து, அதனோடு வளர்ந்த தெருக்களைக் கவனியாமல் விட்டால் வரலாற்றின் பெரும்பகுதி படிக்க முடியாததாகிவிடும். பத்துத்தூணையும் மகாலையும் நடந்துசெல்லும் பாதையால் இணைத்து, வணிகத்தைக் குலைக்காமல் தூண்களைச் சுற்றி இடம் விடுவதே வளாகத்தின் உண்மையான பரப்பை மக்களுக்கு உணர்த்தும்.

திருமலை நாயக்கர் மகாலின் வரலாறு, கட்டடங்கள் தம் வலிமையால் மட்டுமே நிலைப்பதில்லை என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது. பிரித்துக் கொண்டுபோகத்தக்க பகுதிகள் அழிந்தன. ஏதேனும் ஒரு பயன் கிடைத்த பகுதி நின்றது. அரசாட்சி, நீதி, கலை, சுற்றுலா என அந்தப் பயன் காலத்துக்கேற்ப மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே வரக்கூடியவர்களின் வட்டம் விரிந்தது: அரசவையினர், பின்னர் வழக்காளிகள், இப்போது யார் வேண்டுமானாலும். அடுத்து வரும் பயன்பாடு எதுவாயினும், அது கட்டடத்தின் பொருளுக்கும் வெளிக்கும் ஊறு செய்யாததாகவும் அந்த வட்டத்தைச் சுருக்காததாகவும் இருக்க வேண்டும் என்பதே முன்னூற்று எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் அனுபவம் தரும் அளவுகோல்.